க்ளிப் போட்ட கடைசிப் பக்கம்

போன வாரம், மகளின் கைபேசி மணியடிக்க ஆரம்பித்த இடத்தில் விட்டுவிட்டுப் போனோம். பாவம், ஒரு வாரமாக அடித்துக்கொண்டிருக்கிறது.

அவள் எடுப்பதற்குள், இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி. கணவர், தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி, முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிய்ந்த ஜிப்பும் அவிழ்ந்த விளிம்பும் சரிசெய்து கொடுப்பவள். ஒரே மகள் இரண்டு ஸ்டாப் தள்ளித் தனியாக இருக்கிறாள். பஸ் பணிமனையில் நேர அட்டவணை போடுகிற வேலை.

கணவருக்கு வெளியில் இன்னொரு பதவியும் உண்டு. 'ஐம்பதுகளின் அறிவியல் சிறுகதை வாசகர் பேரவை'க்கு அவர்தான் தலைவர். பேரவையில் ஏழு உறுப்பினர்கள், எட்டுப் பதவிகள். அதனால் செயலாளரே தணிக்கையாளராகவும் இருந்து, தன் அறிக்கையைத் தானே படித்துத் தானே திருப்தி தெரிவித்துக்கொள்வார்.

ஒரு மாதம் முன்பு, மனைவியின் மார்பில் தட்டுப்பட்ட ஒரு கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள்.

இனி, மணி.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்," என்றாள் ஒரு பெண். "உங்க அம்மா ஏன் இன்னும் வரலை?"

"எதுக்கு வரணும்?"

மறுமுனையில் காகிதம் புரண்டது. "ரிப்போர்ட்டை உங்க அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு. இன்னியோட பத்தொன்பது நாள். ஒரு வாரத்துக்குள்ள வரணும்னு டாக்டர் கடிதமும் அதே கவர்லதான் இருக்கு. உங்க அப்பா நம்பருக்கு ஆறு தடவை போட்டோம். 'தெரியாத எண்களுடன் உரையாடுவதில்லை'ன்னு ஆறு தடவையும் மெசேஜ் வருது."

"ரிப்போர்ட்ல என்ன இருக்கு?"

"அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாதும்மா. திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "கண்டிப்பா."

அந்தக் 'கண்டிப்பா'வைக் கேட்ட பிறகு ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

மகளின் மேஜைமேல் அன்றைய தாமதப் பட்டியல் இருந்தது. நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பிய பஸ்ஸின் டிரைவரிடம் எழுத்தில் விளக்கம் வாங்குவது அவள் பொறுப்பு. டிரைவர் எதிரிலேயே நின்றிருந்தார்.

"கதவு மாட்டிக்கிச்சு மேடம், அதான்."

"பரவாயில்லை, போங்க," என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை. டிரைவர் பயந்துபோய் அங்கேயே நின்றார்.

*

அம்மாவின் வாயில் ஐந்தாறு குண்டூசிகள் இருந்தன. மடியில் யாருடைய பள்ளிப் பையோ, ஜிப் பிரிந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"அம்மா, ரிப்போர்ட் எங்கே?"

"எந்த ரிப்போர்ட்?"

"உன்னுது."

"அதுவா. ஒண்ணுமில்லையாம்."

"யார் சொன்னது?"

"உங்க அப்பாதான்."

"ஒண்ணுமில்லைன்னே சொன்னாரா? அதே வார்த்தையா?"

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்தினாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"கவரைக் கையில வெச்சுக்கிட்டே வந்தார். என்னாச்சுன்னேன். 'நான் நினைச்ச மாதிரிதான்'னார். உடனே, பேரவை வெள்ளிவிழாப் பேச்சுக்கு வெளிர்நீலச் சட்டை போடட்டுமா, சாம்பல் சட்டை போடட்டுமான்னு கேட்டார். பெண்டாட்டிக்கு ஏதாவதுன்னா எவனாவது சட்டை பத்திக் கேப்பானா? அதான், ஒண்ணுமில்லைன்னு நானா எடுத்துக்கிட்டேன்."

மகள் சொன்னாள். பத்தொன்பது நாள் என்றாள். ஒரு வாரம் என்று எழுதியிருந்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை எட்டு மணி என்றாள்.

அம்மா பள்ளிப் பையை மடியிலிருந்து எடுத்து, கசங்காமல் ஓரமாக வைத்தாள்.

"சாம்பல் சட்டையைப் போடச் சொன்னேன்," என்றாள். "நான்தான் இஸ்திரியும் போட்டேன்."

அப்புறம் எழுந்தாள். "நீ போய் அவரைக் கூட்டிட்டு வா. கூட்டம் பதினோரு மணிக்கு. நான் அலமாரியைப் பார்க்கறேன்."

"அறுநூறு பத்திரிகை இருக்கும்மா அங்கே. எதுக்குள்ள வெச்சிருப்பாரோ."

"க்ளிப் போட்டிருக்கும்ல. அதைப் பார்த்தா தெரியாதா?"

தலைவரின் வாசிப்பு முறை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கதையின் கடைசிப் பக்கத்தை அவர் உடனே படிப்பதில்லை. அடுத்த கதை தொடங்கும் பக்கத்தைப் பொருளடக்கத்தில் பார்த்து, அதற்கு முந்தின தாளை ஒரு க்ளிப் போட்டு அட்டையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார். மிச்சத்தைப் படிப்பார். பிறகு சட்டைப் பையிலிருக்கும் குட்டைப் பென்சிலால் ஒரு சீட்டில் தன் ஊகத்தை எழுதி, தேதி போட்டு மடிப்பார். அதன் பிறகே க்ளிப்பை எடுப்பார். ஊகம் சரியாக இருந்தால் கதைக்குப் பூஜ்யம். தவறாக இருந்தால் பத்துக்கு ஐந்தோ ஆறோ. முடிவு வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்ட கதை என்றால் க்ளிப்பை எடுக்கவும் மாட்டார். 'திறக்கத் தேவையில்லை' என்று சீட்டிலேயே எழுதி, பூஜ்யம் போட்டு, அலமாரியில் செருகிவிடுவார். ஒரு காலத்தில் கள்ளத் தராசுகளை இதே முகத்தோடுதான் பறிமுதல் செய்தார்.

*

நூலகத்தின் மாடி அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். அதில் இருவர் பத்திரிகை படிக்க வந்து, மின்விசிறிக்காக உட்கார்ந்துவிட்டவர்கள். 'வெள்ளிவிழாப் பேருரை' என்ற துணி ஒரு மூலையில் அவிழ்ந்து, பேசுகிறவரின் தலையை அவ்வப்போது தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

சாம்பல் சட்டையில் தலைவர் கம்பீரமாக இருந்தார். அவர் பேசியதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. அதையும் ஒப்புக்கொள்வோம்.

"அந்தக் காலத்துக்காரங்க ஏன் சுருக்கமா எழுதினாங்க? அணுகுண்டு எப்ப விழும்னு தெரியாம எழுதினாங்க. நேரமில்லைன்னு நினைக்கிறவன் வளவளன்னு எழுத மாட்டான்," என்றார். செயலாளர் குறித்துக்கொண்டார்.

"குறையும் சொல்லணும். வீடு அளவுக்கு ஒரு கணக்கு இயந்திரம் வரும். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும். கடைசிப் பக்கத்துல அழும். ஊகிக்க எனக்கு அரை நிமிஷம். பூஜ்யம்! வேற்றுக்கிரகத்துக்காரன் வருவான். நம்மளைவிட நல்லவனா இருப்பான். நாம சுட்டுடுவோம். பூஜ்யம்!"

கைதட்டல். அவர் கையமர்த்தினார்.

"இன்னொண்ணு. செவ்வாய்க்குப் போய் வாய்க்கால் வெட்டத் தெரிஞ்சவங்களுக்கு, கதையில ஒரு பெண்ணை எங்கே நிறுத்தறதுன்னு தெரியலை. காப்பி கொண்டுவர ஒருத்தி, இல்லைன்னா விஞ்ஞானி விளக்கம் சொல்லும்போது 'அப்படியா!'ன்னு கேக்க ஒருத்தி. விண்கப்பல் புறப்பட்டா அவ தரையில நின்னு கையசைப்பா. அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். மன்னிக்க முடியாத குறை, நண்பர்களே."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். அவள் கை கதவின் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிறகு தலைவர், மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழைய பத்திரிகையைக் காட்டினார். அட்டையில் துருப்பிடித்த க்ளிப்.

"என் வாழ்க்கையில பத்துக்குப் பத்து போட்ட ஒரே கதை. ஒரு குட்டி நிலாவுல, தனி ஆளா விளக்கு ஏத்தற காவலாளி. பதினோரு வருஷத்துக்கு ஒரு கப்பல் கடந்து போகும். 'நலமா?'ன்னு கேக்கும். இவன் ரெண்டு தடவை விளக்கை மின்னிக் காட்டணும். அவ்வளவுதான் வேலை. ஒரு தடவை, கப்பல் கேக்காமலே போயிடுது. அவன் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கமா போட்டுக்கறான். அதோட அந்தப் பக்கம் தீருது. அடுத்த பக்கத்துல என்ன? இருபத்தேழு வருஷமா யோசிக்கிறேன். என்னாலேயே ஊகிக்க முடியலை. ஊகிக்காம திறக்கறது என் வழக்கமும் இல்லை. சிறுகதை உலகத்தின் ஆகச்சிறந்த முடிவு இந்த க்ளிப்புக்குப் பின்னாடி இருக்கு!"

"படிக்காமலே ஆகச்சிறந்ததுன்னு எப்படித் தலைவரே?" என்றார் பத்திரிகை படிக்க வந்த ஒருவர். விவரம் தெரியாதவர்.

"தட்டைப் பார்க்காமலே தராசு எந்தப் பக்கம் சாயும்னு சொல்றவன் நான்," என்றார் தலைவர்.

மகள் கையைத் தூக்கினாள். "எனக்கொரு கேள்வி."

செயலாளர் எழுந்தார். "பார்வையாளர்கள் கேள்வியைச் சீட்டுல எழுதித் தரணும். பேரவை விதி."

அவள் எழுதிக் கொடுத்தாள். சீட்டு கைமாறி மேடைக்குப் போயிற்று. தலைவர் புன்னகையோடு பிரித்தார்.

'அம்மாவோட கவரைத் திறந்தீங்களா?'

புன்னகை அப்படியே இருந்தது. அதைத் தாங்கியிருந்த முகம் மட்டும் எங்கோ போய்விட்டது.

"சத்தமா படிக்கணும் தலைவரே," என்றார் செயலாளர். "விதி நீங்க போட்டதுதான்."

தலைவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த துணி அவர் தலையை மறுபடி தொட்டது.

மகளின் கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"கிடைச்சுடுச்சு. வந்துடுங்க."

*

பஸ்ஸில் அவர் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"விழா முடியட்டும்னுதான் இருந்தேன்."

"விழா இன்னிக்கு. கவர் வந்து பத்தொன்பது நாள்."

"பேச்சு தயார் பண்ணணும் இல்லையா. அதுவும் இல்லாம, உங்க அம்மா நல்லாத்தான் இருந்தா. வேலை எல்லாம் பார்த்துக்கிட்டு..."

"அப்பா."

"ம்."

"அடுத்த ஸ்டாப் வரைக்கும் பேசாம வாங்க."

இந்த வழித்தடத்துக்கு அட்டவணை போட்டவள் அவள்தான். அடுத்த ஸ்டாப்புக்கு மூன்று நிமிஷம். இரண்டு பேரும் அதை முழுசாக உட்கார்ந்து தீர்த்தார்கள்.

*

தையல் மேஜை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நடுவில் பழுப்புக் கவர், ஒட்டியது ஒட்டியபடி. மேலே க்ளிப். க்ளிப்புக்கு அடியில் மடித்த சீட்டு.

"உங்க எண்பத்துமூணாம் நம்பர் பத்திரிகைக்கும் எண்பத்துநாலுக்கும் நடுவுல இருந்துச்சு," என்றாள் அம்மா. "நம்பர் போட்டுத்தான் வெச்சிருக்கீங்க. இதுக்குத்தான் நம்பர் போடலை."

"இந்தா பாரு, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் அம்மா கவரின் விளிம்பைக் கீறினாள். ஒரு நூலிழைகூடச் சேதமாகாமல் பிரிக்கிற கை. உள்ளே இரண்டு தாள். ஒன்று சோதனைக்கூட ரிப்போர்ட், இன்னொன்று டாக்டரின் கடிதம். இரண்டையும் மகளிடம் நீட்டினாள்.

"படி. நீட்டி முழக்காம, எனக்குப் புரியற மாதிரி."

மகள் படித்தாள். "புற்றுநோய்தாம்மா."

தெருவில் யாரோ இருசக்கர வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

"அப்புறம்?"

"வேகமா வளரக்கூடிய வகைன்னு போட்டிருக்கு. ஒரு வாரத்துக்குள்ள வந்தா, ஆபரேஷனா மருந்தான்னு முடிவு பண்ணலாம்னு டாக்டர் எழுதியிருக்கார். தாமதம் பண்ண வேண்டாம்னு கோடு போட்டிருக்கார்." அவள் குரல் ஓரிடத்தில் நின்றது. "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா." கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு க்ளிப்பை விலக்கிச் சீட்டைப் பிரித்தாள். முத்துமுத்தான பென்சில் எழுத்து. தேதி, பத்தொன்பது நாளுக்கு முந்தியது.

'ஊகம்: கெட்டது. திறக்கத் தேவையில்லை.'

அவள் இரண்டு தடவை படித்தாள். மகள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றுமிருக்காது என்று நினைத்துத்தான் தூக்கிப்போட்டிருப்பார் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்தவள் அவள். மெத்தனம் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம்.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றாள் அம்மா.

"தெரியலை. ஊகம்தான். டாக்டர் முகத்தைப் பார்த்தேன், அன்னிக்கு ஊசி போடும்போது." அவர் தன் கைகளைப் பார்த்துப் பேசினார். "திறந்தா நிஜமாயிடும். திறக்காத வரைக்கும் அது வெறும் சீட்டுதானே."

"நீங்க திறக்கலைன்னா அது வளராம உக்காந்திருக்குமா?"

அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பதினோரு பேரை முக்கால் மணி நேரம் கட்டிப்போட்ட நாக்கு அது.

"பத்தொன்பது நாளா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. உப்பு கம்மின்னு சொன்னீங்க."

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு வந்த நோய்க்கு யார் பயப்படறது? முதல்ல பயப்படற முறை எனக்கு இல்லையா? எனக்குப் பயப்படக்கூட நீங்க நேரம் குடுக்கலை."

மகள் இடையில் புகுந்தாள். "இதே வாயாலதான் இன்னிக்கு மேடையில பேசினார் அம்மா. பெண்ணைத் தரையில விட்டுட்டு எல்லாரும் கப்பல் ஏறிடறாங்களாம். அவளுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பார்க்கறதில்லையாம். மன்னிக்க முடியாத குறையாம்."

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"தட்டுவாங்க," என்றாள் அம்மா. "நல்ல கருத்துதானே."

அவள் கையை நீட்டினாள். "பென்சிலைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து குட்டைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சீட்டின் கீழே அவள் ஒரு பூஜ்யம் போட்டாள். பெரிதாக, நிதானமாக, தையல் சாக்கட்டியால் வட்டம் வரைவது போல.

"ஊகம் சரி. உங்க கணக்குப்படி பூஜ்யம்தானே?"

பிறகு கண்ணாடிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேண்டாம்," என்றார் அவர். வீட்டுக்கு வந்த பிறகு அவர் குரலில் முதன்முதலாக உயிர் வந்தது. மனைவியின் ரிப்போர்ட்டை மகள் படித்தபோது வராத உயிர். அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கு இருபத்தேழு வருஷமா தெரியும்," என்றாள் அம்மா. "உங்க அலமாரியைத் தூசி தட்டறது யார்? எனக்கு எங்கே முழுக்கதை படிக்க நேரம்? மிஷின்ல நூல் மாத்தற நேரத்துக்குக் கடைசிப் பக்கம்தான் கட்டுப்படியாகும். உங்க அறுநூறு கதைக்கும் முடிவு மட்டும் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். படிச்சிட்டு க்ளிப்பை அதே இடத்துல போட்டுடுவேன்."

"சொல்லாதே."

அவள் க்ளிப்பை உருவினாள். துரு அட்டையில் ஒரு கோடு விட்டிருந்தது. தாளைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஒரு சவர சோப்பு விளம்பரம். பக்கம் முழுக்க, நுரை பூசிய முகத்தோடு ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த தாளைப் புரட்டினார். வேறு கதை. திரும்பவும் விளம்பரத்துக்கு முந்தின பக்கத்துக்கு வந்தார். காவலாளி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும் வரி, தாளின் அடிவிளிம்பில்.

"அதோட முடிஞ்சுது," என்றாள் அம்மா. "அந்த ஆள் நாற்காலியைத் திருப்பிப் போட்டதோட கதை முடிஞ்சுது. நீங்க அதைப் படிச்சுட்டீங்க. படிச்சுட்டு, முடிவு இன்னும் வரலைன்னு நினைச்சு இருபத்தேழு வருஷம் காவல் காத்தீங்க."

அவர் விரல் அந்த வரியின் அடியில் ஒரு தடவை ஓடியது. அப்போது அவர் எந்தப் பேரவைக்கும் தலைவராக இல்லை. சட்டையின் இஸ்திரி மடிப்பு மட்டும் நிமிர்ந்து நின்றது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம். சந்தோஷமா இருந்தீங்க, கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்." அம்மா சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. "பாருங்க, நானும் அதையேதான் பண்ணியிருக்கேன். ஆனா அதுல யாரும் சாக மாட்டாங்க."

மகள் எழுந்தாள். "திங்கட்கிழமை ஏழு மணிக்கு வண்டியோட வரேன். நீ தயாரா இரு. நான் பணிமனைக்கு ஒரு..."

"உக்காரு."

"என்னம்மா?"

"பையிலேர்ந்து அந்தக் கடிதத்தை எடு."

"படிச்சுட்டேனே."

"கடைசியைப் படிக்கலை. உன் கண்ணு கீழே போச்சு, நின்னுச்சு, மேலே வந்துச்சு. இந்த மனுஷன்கூட முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவ நான். கடைசி வரியை விட்டுட்டுப் படிக்கிறவங்க முகம் எனக்குத் தெரியாதா?"

மகள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். தாளைப் பிரிக்க அவளுக்கு அதிக நேரம் பிடித்தது, ஒரே ஒரு மடிப்புக்கு.

"அது உன்னைப் பத்தி இல்லைம்மா."

"தெரியும். படி."

அவள் படித்தாள். பணிமனையில் அறிவிப்பு வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். "'இது குடும்பத்தில் தொடரும் வகையாக இருக்கலாம். நோயாளியின் மகளும் உடனே சோதனை செய்துகொள்ள வேண்டும்.'"

வெளியே அந்த வண்டி ஒருவழியாகக் கிளம்பியது.

அப்பாவின் கை, பழக்கதோஷத்தில், சட்டைப் பைக்குள் போய்ப் பென்சிலைத் தேடியது.

பென்சில் அம்மாவிடம் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து முறித்தாள்.